ஆங்கிலம் தெரியாத குதிரைகள்

அக்கா அல்வெர்ட்டா உழுது பழக்கிய ஜோடிக் குதிரைகளை அப்பா விற்றுவிட்டார். அவருக்கு டிராக்டர் ஆசை. வாங்கியவர் ஹோவர்ட் பிம், மலைக்கு அந்தப் பக்கப் பண்ணைக்குப் புதிதாகக் குடிவந்த பிலடெல்பியாக்காரர். ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்.

அந்த வாரமே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டும் செவிடுங்க. கத்திக் கத்தித் தொண்டை போச்சு, ஓரடி நகரல."

அப்பா முகம் சிவந்தது. அக்கா சிரித்துவிட்டாள்.

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. நாங்க வீட்டுலயும் வயல்லயும் பேசுற ஜெர்மன்ல வளந்த குதிரைங்க. உங்க பேச்சு அதுங்களுக்கு எங்க புரியும்?"

"அப்ப அதுங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க."

"குதிரை ரெண்டு, நீங்க ஒரு ஆளு. எது சுலபம், நீங்களே சொல்லுங்க."

மறுநாள் காலை அக்கா அவருடைய வயலுக்குப் போனாள். இடப்பக்கம் திரும்ப 'விஷ்ட்', வலப்பக்கம் 'ஹோட்', நிற்க 'ஓஹா'. அவர் மாற்றிச் சொல்லி, கலப்பையோடு பக்கத்து நிலத்துக்குள் போனார். வேலியோரம் நின்ற எங்கள் ஆட்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். அது அக்காவுக்குப் பிடித்துப்போனது.

வைக்கோல் பருவத்தில், பாரம் ஏற்றிய வண்டியின் உச்சியில் அக்கா உட்கார்ந்திருக்க, அவர் ஓட்டிவந்தார். ஓடையை நோக்கி இறங்கும் சரிவில் ஒரு கார் ஹாரன் அலறியது. குதிரைகள் மிரண்டு பாய்ந்தன. கடிவாள வார் அறுந்தது. வலப்பக்கம் மேடு.

"ஹோட்! ஹோட்!"

பிம் போட்ட கத்தல் எங்கள் அப்பா கத்துவதைப்போலவே இருந்தது. குதிரைகள் மேட்டில் திரும்பி ஏறின.

"ஓஹா!"

நின்றுவிட்டன. அக்கா தலையெல்லாம் வைக்கோலோடு இறங்கி வந்தாள்.

"உச்சரிப்பு பரவாயில்லையே!"

அறுவடை முடிந்ததும் அவர் பெண் கேட்டு வந்தார். எங்கள் மொழியில்தான் கேட்டார், வினைச்சொற்களை எல்லாம் தப்பான இடத்தில் வைத்து.

"குதிரைய வாங்கினவன் இப்ப பொண்ணையும் கூட்டிட்டுப் போறானே!" என்றார் அப்பா.

"நான் எங்கப்பா போறேன்? அவருதான் நம்ம பக்கம் வந்துட்டாரு."

கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா ரயிலில் வந்தார், கையுறையும் தொப்பியுமாக. விருந்து மேசையில் அக்கா மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக் கிண்ணத்தை எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பேச்சுல க்ரும்பீரைன்னு சொல்லுங்க அத்தே, தர்றேன்."

அந்த அம்மாள் ஒரு கணம் முறைத்துப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமாகச் சொன்னார்.