கேன் தண்ணீர்

என் மனைவி சுவேதா விட்டுப்போனதில் உயிருள்ளது ஒரு கண்ணாடிக் குடுவைதான். சிதம்பரத்தில் அவள் ஆய்வு செய்த உப்புநீர்ப் பாசி. கடலூரில் எங்கள் ஜன்னலோரம் வைத்திருந்தாள். அவள் இறந்த பிறகு நான் அதைத் தொடவில்லை. தண்ணீர் பாதியாக வற்றியது. கழுத்தில் உப்புப் பொருக்கு கட்டியது. பச்சை ஆரஞ்சாக மாறியது. அதுவும் செத்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

அவளோடு ஆய்வு செய்த ரேகா போன் செய்தாள். ஆய்வகத்தில் இருந்ததெல்லாம் கிருமி புகுந்து அழிந்துவிட்டதாம். அந்த ரகம் இனி என் வீட்டில் மட்டும்தான். நிறம் மாறியதைச் சொன்னேன். உப்பு ஏறினால் அப்படித்தான் என்றாள். அந்தப் பாசிக்குச் செல்சுவர் கிடையாது. வெளியே உப்பு ஏற ஏற, உள்ளே கிளிசரின் செய்து நிரப்பிக்கொள்ளும். இல்லாவிட்டால் உப்பு அதன் நீரை உறிஞ்சிவிடும்.

"தண்ணி மட்டும் ஊத்திடாதீங்கண்ணா. கிளிசரினக் கொறைக்க அதுக்கு நேரம் வேணும். சட்டுனு ஊத்துனா உள்ள தண்ணி பூந்து வெடிச்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை சுவேதாவின் அம்மா புவனகிரியிலிருந்து வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தபோது, மகள் வளர்த்தது வாடிக் கிடக்கிறதே என்று குடுவையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். எங்கள் குழாயில் உப்புத் தண்ணீர் வரும். அது ஆகாதென்று, காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றியிருந்தார்.

அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் நான் சிதம்பரம் போன பஸ்ஸிலேயே ஊர் திரும்ப அத்தையும் வந்தார். குடுவையை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஆரத்தியா? யாரு வூட்ல விசேஷம்?"

"செத்துப்போன எம் பொண்ணோடது," என்றார் அத்தை.

புதுச்சத்திரம் வரை கண்டக்டர் எங்கள் பக்கம் வரவில்லை.

அத்தை ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ரேகாவிடம் நடந்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். நுண்ணோக்கியில் பார்த்தாள். எல்லாம் வெடித்திருந்தன. பிறகு கழுத்திலிருந்த பொருக்கைப் பார்த்தாள். கேன் தண்ணீர் அதுவரை ஏறவில்லை. அதைச் சுரண்டி உப்பு நீரில் போட்டாள். உறங்கும் செல்கள் இருக்கலாம் என்றாள். இருக்கும் என்று சொல்லவில்லை.

அத்தை உள்ளே வந்தார். "வத்திப்போய்க் கெடந்துச்சும்மா. நாந்தான் தண்ணி ஊத்துனேன். சரிதான?"

ரேகா என்னைப் பார்த்தாள்.

"சரிதான் அத்தை," என்றேன்.

அடுத்த மாதம் ரேகா ஒரு படம் அனுப்பினாள். புதுக் குடுவையில் லேசான பச்சை. புவனகிரிக்குப் போய் அத்தையிடம் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பாத்தீங்களா மாப்ள? ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துனதும் எப்டி துளுத்துக்கிச்சு."

"ஆமாம் அத்தை."

இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இருந்தேன்.