ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே

ஜெசிந்தா வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே காடு இருந்தது.

அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் இருந்தது. மாடி வீட்டில் மூங்கில் அதிகம். எதிர்வீட்டில் ஒரு சிறுத்தை உண்டு. விருந்தாளி வந்தால் அவர்கள் ஹோட்டலில் சாப்பாடு வாங்கிவிடுவார்கள். பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளை வீட்டார் எதையும் மறைக்கவில்லை. கிழக்குப் பார்த்த வாசல், வற்றாத போர் தண்ணீர், இரண்டு பெட்ரூம், காடு என்று வரிசையாகச் சொன்னார்கள். ஜெசிந்தாவின் அப்பா தண்ணீரைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்.

புருஷன் ஸ்தனிஸ்லாஸ் அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவன். காலையில் எழுந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிவாளும் ஒரு பாட்டில் தண்ணீருமாக உள்ளே போவான். முக்கால் மணி நேரத்தில் பிளாஸ்க்கில் டீயோடு திரும்பி வருவான். முடியில் ஓர் இலை ஒட்டியிருக்கும். "பால் பொங்கிருச்சு, அதான் லேட்டு" என்பான். ஓமனுக்கு வேலைக்குக் கிளம்புகிற அன்று காட்டைக் கடக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. அன்றைக்குப் பார்த்து டாக்ஸி சீக்கிரம் வந்துவிட்டது. அவசரத்தில் அரிவாளையும் பாட்டிலையும் அடுக்களையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தான்.

அதற்குப் பிறகு நான்கு மாதமாக ஜெசிந்தா ஹாலிலேயே குடித்தனம் நடத்தினாள். தையல் மிஷின்மேல் மின்சார அடுப்பை வைத்து, இரவல் வாங்கிய ஒரே சட்டியில் பால் காய்ச்சினாள், கஞ்சி வைத்தாள். சமையலறைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. பயம்தான். பயப்படாமல் என்ன செய்வது? மூன்றாவது வீட்டு டியூஷன் வாத்தியார் மூன்று விசில் வந்துவிட்டதே என்று குக்கரை அணைக்க வெறுங்கையோடு உள்ளே போனவர். பதினோராம் நாள்தான் வெளியே வந்தார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். நாற்காலியில் மட்டும் உட்காருவதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பக்கத்து வீட்டு வடிவக்கா பால்கனியில் நின்று சொல்லியிருந்தாள்.

"பிள்ளைய மட்டும் உள்ள தூங்க விட்டுறாத, கேட்டியா. காட்டுல ஒரு தூக்கம் தூங்கின பிள்ள அப்புறம் காட்டுக்குத்தான். எங்க சின்ன நாத்தனாருக்கு அப்படித்தான் ஒண்ணு போச்சு."

"திருப்பிக் கேக்கலியா அக்கா?"

"கேக்காம இருப்பாளா? நல்லாத்தான் வச்சிருக்கு. குடுக்க மாட்டேங்கு."

ஜெசிந்தாவின் பிள்ளை ரெமிக்குப் பதினோரு மாதம். தவழ்வதில் கெட்டிக்காரன். பகலில் ஒரே ஒரு தூக்கம். கோயிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓயும்போது அவனுக்குக் கண் சொருகிவிடும். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அவள் பால்கனியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தாள். காட்டு வாசலில் குறுக்கே வைத்திருந்த பலகை சரிந்து கிடந்தது. ஈர மண்ணில் இரண்டு முட்டித் தடம். முள்ளில் ஒரு சின்ன சாக்ஸ் மாட்டியிருந்தது.

அவள் பால்கனிக்குத் திரும்பினாள். வடிவக்கா தன் பால்கனியில் பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ரெமி காட்டுக்குள்ள போயிட்டான்."

"அரிவாள் எடுத்தியா?"

"அரிவாள் அடுக்களையில இருக்கு."

"தீப்பெட்டி?"

"அதுவும் அங்கதான்."

"தண்ணி பாட்டிலு?"

"எல்லாம் அங்கதானே அக்கா இருக்கும்."

"அப்ப போவாத. உள்ள போறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. எங்க வீட்டுக்காரரு ஷிப்டு முடிஞ்சு ரெண்டு மணிக்கு வந்துருவாரு, அவரு போவாரு."

"பன்னண்டுக்குத் தூங்கிருவான் அக்கா."

வடிவக்கா கையிலிருந்த பீன்ஸை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "அப்ப என்ன செய்யதுக்கு. நீ சின்னவதானே. இன்னொண்ணு பெத்துக்கிடலாம்."

"நீங்க பீன்ஸ அரிங்க அக்கா" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனாள்.

கான்வென்ட்டில் அவள் பன்னிரண்டு வருடம் படித்தவள். குறுக்குத் தையல், எட்டு வகை முடிச்சு, தெருநாய்த் தொல்லை குறித்து நகராட்சிக்கு விண்ணப்பம், ஏழு அருட்சாதனங்கள், எச்சில் தெறிக்காமல் தும்முவது எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். காட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் தெரிந்ததைச் செய்தாள். இடதுபுறமாகவே நடந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். முன்னால் ஆள் இல்லாவிட்டாலும் ஒரு கை இடைவெளி விட்டாள். பேசவில்லை.

சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு என்று புவியியலில் படித்திருந்தாள். அந்தக் காட்டுக்கு வாசல் பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தது, வடிவக்கா பால்கனிப் பக்கமிருந்தும் வந்தது. இரண்டு கிழக்குக்கும் நடுவில் நடந்தாள். தாகத்துக்கு ஒரு செடியிலிருந்து நான்கு சிவப்புப் பழம் பறித்துத் தின்றாள். இனிப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்துப்போய், 'திரும்பு', 'வாசல்' என்ற இரண்டு வார்த்தைகள் அவளிடமிருந்து போய்விட்டன. நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. மற்ற வார்த்தைகள் இருந்ததால் மேலே நடந்தாள்.

வலது செருப்பு அறுந்தது. கழற்றிப் போட்டுவிட்டுப் போனாள். கால் மணி நேரத்தில் அதே செருப்பு எதிரே கிடந்தது. அடுத்த முறை பார்க்கும்போது அதில் எறும்புகள் குடி வந்திருந்தன. மூன்றாவது முறை காளான் முளைத்திருந்தது. கைக்கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குக் கான்வென்ட்டில் ஒரு விதி இருந்தது. சுற்றுலா போகும்போதெல்லாம் சிஸ்டர் பெர்னதெத் பஸ் படியில் நின்று அதைச் சொல்வார்: இருக்கிற இடத்திலேயே நில், வலது கையைத் தூக்கு, சிஸ்டர் வருவார். ஜெசிந்தா நின்றாள். வலது கையைத் தூக்கினாள்.

ஏழு நிமிடம் ஆனது. ஒரு கொடி அவள் கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை வந்துவிட்டது. ஒரு தேன்சிட்டு உள்ளங்கையில் உட்கார்ந்து கூட்டுக்கு அளவு பார்த்தது. யாரோ இருமினார்கள்.

"எதுக்கும்மா கையத் தூக்கிட்டு நிக்கிய?"

கேஸ் கம்பெனி சட்டை போட்ட ஆள் ஒருவர் சிலிண்டர்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் சேர்மக்கனி என்று தைத்திருந்தது.

"வழி தவறிட்டேன். சிஸ்டர் வர்ற வரைக்கும் நிக்கணும்."

"எந்த சிஸ்டரு?"

ஜெசிந்தா யோசித்தாள். சிஸ்டர் பெர்னதெத் மாற்றலாகிப் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"நானும் மேனேஜர் வருவாருன்னுதான் இருந்தேன்" என்றார் சேர்மக்கனி. "ரெண்டு தீவாளி போயிட்டு." காலைக் காட்டினார். கணுக்காலுக்குக் கீழே மண்ணுக்குள் போயிருந்தது; கெண்டைக்காலில் நல்ல பட்டை கட்டியிருந்தது. "மொதல்ல அரிக்கும். அப்புறம் பழகிரும். காலி சிலிண்டர் எதுவும் இருக்காம்மா?"

"என் பிள்ளையைப் பாத்தீங்களா? பச்சைச் சட்டை, முட்டி போட்டுப் போவான்."

"பாத்தேனே. டாட்டா காட்டிட்டுப் போனான். ஆனா சத்தம் போட்டுக் கூப்பிட்டுறாதிய. இது தூங்கவைக்கிற நேரம். காட்டுக்குப் பிடிக்காது."

அவர் சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டது. காடு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. கிளைகள் இடமும் வலமுமாக ஒரே சீராகப் போய் வந்தன. சில்வண்டுகள் அதே தாளத்தில் அறுத்தன. எங்கேயோ ஓடை, ஒரு கால் தொட்டிலைத் தள்ளுகிற மாதிரி, தள்ளித் தள்ளி ஓடியது. அவளுக்கே இமை கனத்தது. மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

பன்னிரண்டு வருடத்தில் அவளுக்கு உண்மையிலேயே முழுதாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது ஒன்றுதான்: சத்தம் போடாதே. நடைபாதையில், சாப்பாட்டு மேஜையில், கோயிலில், அழும்போது, சிரிக்கும்போது. பிரசவ வார்டில் நர்ஸ் அவளைப் பாராட்டினாள். இவ்வளவு அமைதியாகப் பெற்றவள் இந்த வருடத்தில் இவள்தான் என்று.

ஜெசிந்தா கையை இறக்கினாள். கொடியைப் பிடித்து இழுத்து அறுத்தாள். கூடவே கொஞ்சம் தோலும் வந்தது.

"அண்ணாச்சி, காதைப் பொத்திக்கிடுங்க."

முதல் சத்தம், வகுப்பில் வருகைக்குப் பதில் சொல்கிற அளவுக்குத்தான் வந்தது. இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவதற்குக் கொக்குகள் எழுந்தன.

"ஏலே ரெமி! தூங்கின, தோலை உரிச்சிருவேன்!"

பிறகு வாயில் வந்ததையெல்லாம் கத்தினாள். நிறுத்தினால் காடு தாளத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்தது. பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகக் கத்தினாள். "சிஸ்டர், லேப் கண்ணாடியை உடைச்சது நான் இல்ல, பத்து வருஷமா சொல்லணும்னு இருக்கேன்!" என்று கத்தினாள். "ஓமன்ல ஏசியில படுத்திருக்கிறவரே, அரிவாள் எந்த ஆணியில தொங்குதுன்னாவது சொல்லிட்டுப் போனீரா?" "அப்பா, தண்ணியைக் கேட்டீங்களே, காட்டைக் கேட்டீங்களா?" "வடிவக்கா, இன்னொண்ணு நீங்க பெத்துக்கிடுங்க!"

தூரத்திலிருந்து பதில் வந்தது. "வாயி ரொம்ப நீளுது, சொல்லிட்டேன்!"

பதினாறேழு நூற்றுப்பன்னிரண்டுக்கு இலைகள் தாளம் தப்பின. சில்வண்டுகள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கப் பார்த்தன. எங்கே விட்டோம் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை வீறிட்டது. கண் சொருகும் நேரத்தில் கலைக்கப்பட்ட பிள்ளையின் அழுகை. ஜெசிந்தா ஓடினாள். இடதுபுறம் பார்க்கவில்லை.

ஒரு வேங்கை மரத்தடியில் கொடித்தொட்டில் கட்டியிருந்தது. கரடி ஒன்று அதன் அருகே காலை நீட்டி உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல பொம்பள நீ" என்றது கரடி. "அசந்து வந்த பிள்ளைய எழுப்பிட்டியே."

"குடுங்க."

"இருடி. ரெண்டே நிமிஷம். கண்ணு சொருகிட்டு, பாரு." கரடி ரெமியின் முதுகில் தட்டியது. பழகிய தட்டு. ரெமியின் அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சானது. கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது.

"தூக்கத்துல இருந்து எடுக்கப்படாது, பிள்ளைக்கு ஆகாது" என்றது கரடி.

ஜெசிந்தா தொட்டிலுக்குள் கையை விட்டு, பிள்ளையின் உள்ளங்காலை நறுக்கென்று கிள்ளினாள். ரெமி கத்தினான். ஐந்து, ஆறு என்று மணி அடித்தது. இன்னொரு காலையும் கிள்ளினாள். மணி பன்னிரண்டும் அடித்து ஓய்ந்தது. ரெமி முகம் சிவந்து, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, அவளையே பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

"நீயெல்லாம் ஒரு தாயா?"

"தாய்தான்" என்று சொல்லிப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

கரடி தடுக்கவில்லை. தூங்காத பிள்ளைமேல் காட்டுக்கு உரிமை கிடையாது. வெற்றுத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டது: "எப்படிப் போவ? வழி தெரியுமா?"

"தெரியாது."

"கையில ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல."

"தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போ. நூறு அடியில தூங்கிருவான். நான் பின்னாலேயே வாரேன்."

அவள் தோளில் போடவில்லை. முகம் வெளியே பார்க்கிற மாதிரி இடுப்பில் இடுக்கி, ஒவ்வொரு பத்து அடிக்கும் ஒரு குலுக்குக் குலுக்கினாள். வழி தெரியாது என்பதால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். எந்தப் பக்கம் புல் மெத்தென்று இருந்ததோ, எந்தப் பக்கம் நிழலும் காற்றும் சுகமாக வந்ததோ, அந்தப் பக்கம் போகவில்லை. எங்கே முள் எதிர்த்து நின்றதோ அங்கே நுழைந்தாள். காடு எந்தப் பக்கம் முறைக்கிறதோ அந்தப் பக்கம்தான் அதற்கு வெளியே இருக்கும். கரடி பின்னாலேயே வந்தது, மூச்சு வாங்க. "அந்தப் பக்கம் நல்ல பாதை கிடக்கு, இங்கயே ஏன் போற" என்றது. நைட்டி கிழிந்தது. அட்டைகள் ஏறின. அட்டை கடித்தால் அவளுக்கும் தூக்கம் வராது என்று விட்டுவிட்டாள். பதினேழாம் வாய்ப்பாடு தொடங்கினாள். அது சரியாக வராது, தப்பாகவே கத்தினாள்.

வழியில் சேர்மக்கனியைப் பார்த்தாள்.

"வாறீங்களா அண்ணாச்சி? பட்டையை உரிச்சுவிட்டா நடந்துரலாம்."

"இல்லம்மா. மேனேஜர் வந்து ஆளக் காணோம்னு சொல்லிறப்படாது." ரெமிக்கு டாட்டா காட்டினார். ரெமியும் காட்டினான், கை பாதியில் தொய்ந்தது. அவள் ஒரு குலுக்குக் குலுக்கி நடையை எட்டிப் போட்டாள்.

கடைசி முள்வேலி அவள் தலைமுடியை மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. அவள் நிற்கவில்லை; கொஞ்சம் முடியை அங்கேயே விட்டாள். முள்ளுக்கு அப்பால் நீலக் கதவு, மேலே திருக்குடும்பப் படம். அவளுடைய சமையலறை. புருஷன் பின்னால் வந்து பார்த்தது, நான்கு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். கரடி எல்லையில் நின்றுவிட்டது.

நிலைப்படியைத் தாண்டியதும் ரெமியின் தலை அவள் தோளில் விழுந்தது. மூச்சு சீரானது. இனிமேல் தூங்கலாம்.

சமையலறைக்குள் கடல் வந்திருந்தது. மிக்ஸி வைத்திருந்த இடத்திலிருந்தே ஆழம் தொடங்கியது. அலை பாத்திர அலமாரியின் இரண்டாம் தட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. தூரத்தில், அடிவானத்துக்குக் கொஞ்சம் முன்னால், அடுப்பு தெரிந்தது.

பிள்ளை எழுந்தால் பால் கேட்பான். ஜெசிந்தா நைட்டியைத் தூக்கி இடுப்பில் செருகினாள். தூங்குகிற பிள்ளையைத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு நீச்சலும் தெரியாது.