கெண்டைக்காலில் ஒரு நிறுத்தம்

என் அப்பா இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் இடது கெண்டைக்காலில் குடியேறினார். எங்கள் ஊரில் இது வழக்கம்தான். போகிறவர்கள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சருக்கு அவள் மாமியார் வலது தோளில் இருக்கிறார். மார்கழியில் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பார், மற்றபடி தொந்தரவு கிடையாது. அப்பாவும் அப்படிச் சும்மா இருந்திருந்தால் நான் பாட்டுக்குக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டு கிடந்திருப்பேன்.

ஆனால் அவர் கோவில்பட்டி–கழுகுமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். போகிற வருகிற ரத்தத்தைப் பார்த்ததும் கை துறுதுறுத்திருக்கிறது, விசிலை எடுத்துவிட்டார். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், அது சட்டம். என் ரத்தம் நின்றது. இறங்கிக் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, பழைய கதை பேசிக்கொண்டு அங்கேயே கிடந்தது. கிளம்புவதற்கு இரண்டு விசில் கொடுக்க அவருக்கு மனசே வராது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அரை மைல் தள்ளி யாராவது கையை ஆட்டினால்கூட வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருப்பார்.

கால் வீங்கியது, வலித்தது. இருந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்? வீங்கிய நாட்களில் அவருடைய தோல்பை வாசம் வீட்டில் அடிக்கும். டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன காலைகள் ஒவ்வொன்றாக வரும். தொடையைச் சுடும் அந்தச் சூடு, ஜன்னல் வழியாக வரும் தீப்பெட்டி ஆபீஸ் மருந்து நெடி, "உள்ள போ, உள்ள போ, படியில என்ன கல்யாணமா நடக்குது?" என்கிற அவர் குரல். பாடம் நடத்துகிற நடுவில் அப்படியே நின்றுவிடுவேன். பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

இதற்குள் வயிற்றில் இரண்டு தங்காமல் போயின. ரத்தம் கெண்டைக்காலில் நின்று ஊர்க்கதை பேசினால், பிள்ளைக்கு யார் சோறு கொண்டு போவது? இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில் போயிற்று. அதற்குச் சட்டைகூட தைத்து வைத்திருந்தேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று.

டாக்டர் நஸீமா காலை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு இருக்காங்க?"

"அப்பா."

"விருந்தாளியா, குடித்தனமா?"

அதைக் கண்டுபிடிக்கத்தான் ரத்தப் பரிசோதனை. ஒரு காய்ச்சல் வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சொந்தங்களும் உண்டு. அதனால் ஒரு தடவை தென்பட்டால் போதாது, பன்னிரண்டு வாரம் கழித்தும் ஆள் அங்கேயே இருக்க வேண்டும்.

லேபில் ஞானதிரவியம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டார். அது உறைய மாட்டேன் என்றது. மற்றவர்கள் ரத்தமெல்லாம் உறைந்த பிறகும் இது ஓடிக்கொண்டே இருந்தது.

"உள்ள அப்படி நிக்குது, இங்க நிக்க மாட்டேங்குதே" என்றார் என் வீட்டுக்காரர் அய்யலுசாமி.

"குழாய்க்குள்ள அதுக்கு யாரைத் தெரியும் சார்?" என்றார் ஞானதிரவியம். நியாயமான பேச்சு.

ரிப்போர்ட்டில் அப்பாவுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர் போட்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷருக்கு வைக்கிற பேரா அது? பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அப்பா அசையவில்லை. குடித்தனம்தான் என்று உறுதியாயிற்று.

மூன்றாவது தரித்ததும், ஒரு சின்ன மாத்திரையோடு காலையும் மாலையும் வயிற்றில் ஊசி போடச் சொன்னார் டாக்டர். ஊசி போட்டால் ரத்தத்துக்குக் காது அடைத்துவிடும். விசில் கேட்காது, நிற்காது, பிள்ளைக்குப் போய்ச் சேரும். ஊசியை வீட்டுக்காரர்தான் போட்டுவிடுவார். வீக்கம் வடிந்தது. தோல்பை வாசமும் போயிற்று. எஞ்சின் மூடியின் சூடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

ஐந்தாம் மாதம் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். காலில் கருவியை வைத்ததும் ஸ்பீக்கரில் ரத்தம் விர்ரென்று போகிற சத்தம் கேட்டது. நடுவில் விசில். மறுபடி விசில். அப்புறம் அப்பாவின் குரல்: "ஏம்ப்பா, யாருமே நிக்க மாட்டீங்களா? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போறது?"

மேடிட்ட வயிற்றோடு முழங்காலைத் தூக்கி வாயருகே கொண்டுவந்தேன்.

"அப்பா, வண்டி எக்ஸ்பிரஸ் ஆயிருச்சு. உள்ள பிள்ள இருக்கு, அதுக்குச் சாப்பாடு போகுது."

விசில் நின்றது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா, கழுத?" என்றார். அப்புறம் மெதுவாக, "தாயி, இதுக்கு முன்னால ரெண்டு... அது நான் நிறுத்துனதாலயா?"

"இல்லப்பா. டயர் பஞ்சர்."

கண்டக்டர் என்பதால் நம்பினார். ஸ்கேன் எடுக்கிற பெண் ஜெல்லைத் துடைக்காமல் காத்திருந்தாள்.

"அப்ப நான் பேரப்பிள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டு, அப்படியே கெளம்புறேன்."

"நிக்காதுப்பா, எப்படி ஏறுவீங்க?"

"ஓடுற வண்டியில ஏறத் தெரியாதவன் கண்டக்டரா?" என்றார். விசிலைக் கழற்றி என் காலிலேயே வைத்துவிட்டு ஏறினார். ரத்தம் டிக்கெட் கேட்டதற்கு "ஸ்டாஃப்" என்று சொன்னது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

பெண் குழந்தை பிறந்தது. நாள் தவறாமல், எடை குறையாமல், ஊரைக் கூட்டுகிற அழுகையோடு. என் காலில் விசில் கிடப்பதால் ஆயுசுக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர், சரி என்றேன். பாப்பாவின் ரத்தத்தைப் பார்த்தபோது அப்பா அங்கே இருந்தார். தொப்புள்கொடி வழியாகப் போனவர்கள் பச்சைப் பிள்ளைகளிடம் அதிக நாள் தங்குவதில்லை என்றார் டாக்டர். தூக்கத்தில் பாப்பா சிரித்தால் நரி மிரட்டுகிறது என்பார்கள். யார் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி லேபுக்குத் தூக்கிப் போனோம். அவர் போயிருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். ஞானதிரவியம் பார்த்துவிட்டு, "இல்லம்மா, போயிட்டாரு" என்றார். அவ்வளவுதான், அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இந்த முறை எந்தக் குழாயையும் திறந்துவிடவில்லை. பிள்ளை பிழைத்தது, அப்பா இல்லை. இரண்டுக்கும் சேர்த்து அழுதேன்.

அழுது முடித்ததும் கண்ணாடிக் குழாயிலிருந்து பாப்பாவின் ரத்தம், "நீங்க யாரு?" என்று கேட்டது.

பெயரைச் சொன்னேன்.

"வலது முழங்கைப் பக்கம் உங்களுக்கு ஒரு எடம் போட்டு வச்சிருக்கேன். அவசரம் ஒண்ணுமில்ல, மெதுவா வாங்க."

சரி என்று சொல்லிவிட்டு, பாப்பாவுக்கு ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.