மௌரீன் மிஸ்ஸின் தவளை

1
பெங்களூர் லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்பில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்திலிருந்து இந்தக் கதை வந்தது. டீச்சர் போலிருந்த ஒரு பெண் போனில், "பசங்க கண்டுபிடிச்சிட்டா என்ன பண்றது?" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மறைப்பதற்கு நானே அவருக்கு ஒன்றைக் கொடுத்தேன். கொடுத்த பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது.

2
முதல் தொடக்கம்: மௌரீன் மிஸ்ஸின் விரல்களில் காகிதம் ஒரு பறவையைப்போல—

(வேண்டாம். அவர் மடித்தது தவளை.)

மறுபடியும்: ஆறாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைகளில் காகித மடிப்புக் கற்றுக்கொடுக்க பரத் என்றொரு இளைஞர் வந்துகொண்டிருந்தார். அடுத்த வருஷம் அந்த வகுப்பை மௌரீனே எடுக்க வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டதால், அவரும் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பக்கத்தில் சிந்து, அதிகம் பேசாத பெண்.

பிள்ளைகளின் தவளைகள் முதுகை அழுத்தினால் துள்ளின. மௌரீனுடையது சாய்ந்து விழுந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்க்க வலது கை விரல்கள் வளைந்து கொடுக்கவில்லை. அழுத்திப் பார்த்தார், காகிதம் கிழிந்தது. "ஸ்வல்ப மெதுவா, மேடம்" என்றார் பரத், பாதிக் கன்னடத்தில். மௌரீன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அங்கே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் தாமாக அசைந்தன.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: போர்டில் மிஸ்ஸின் எழுத்து வரி முடிவதற்குள் பொடிசாகிவிடுகிறது என்று கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அவர்களை முன்னால் உட்காரவைத்தார். அவ்வளவுதான் செய்தார்.)

3
சிந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் மிஸ் ஆரம்பிச்சது."

மௌரீன் அவளை அணைத்துக்கொண்டார் என்று எழுதி அடித்துவிட்டேன். பயந்துபோனவர் அப்படிச் செய்யமாட்டார். "உன் வேலையைப் பாரு" என்றார், வகுப்பே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. சிந்து தலை குனிந்துகொண்டாள்.

அன்று மாலை கேட்டருகே சிந்துவின் அப்பா நின்றிருந்தார். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது ஓட்டுவதில்லை. வயது நாற்பதுகூட இருக்காது. மகளின் தோளைப் பிடித்தபடி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். மௌரீன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். வரப்போகும் தன்னைத் தெருவில் பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

(இங்கே மௌரீன் தன் கணவர் மைக்கேல்ராஜிடம் எல்லாவற்றையும் சொல்லும் காட்சி ஒன்று இருந்தது. "சாப்பிடும்போது கையை மேசைக்கு அடியில்—" என்பதோடு நின்றுவிட்டது. மௌரீன் சொல்லவில்லை. நான் எப்படி எழுதுவது?)

4
அடுத்த வெள்ளிக்கிழமையும் மௌரீன் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார். அப்பாவை எந்த டாக்டரிடம் காட்டுகிறார்கள் என்று மெல்லக் கேட்டார். சிந்து காகிதத்திலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு நரம்பு டாக்டரின் பெயரைச் சொன்னாள்.

"அன்னைக்கு உன்னைத் திட்டியிருக்கக் கூடாது, சிந்து."

"பரவால்ல மிஸ். எங்கப்பாவும் முதல்ல எல்லாரையும் திட்டிட்டுதான் இருந்தார்." ஒரு மடிப்பை நகத்தால் தேய்த்தாள். "நீங்க டாக்டர்கிட்ட சீக்கிரம் போயிடுங்க. அவர் லேட்டாதான் போனார்."

5
முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் டாக்டர் சிரித்துக்கொண்டே சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். எழுதி முடித்ததும், காலைத் தேய்த்து நடக்கும் அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வேன் என்று தோன்றியது. இன்னொன்றில் டாக்டர் சிரிப்பதில்லை. அது இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை.

என்னிடம் மிஞ்சியது இவ்வளவுதான். ஸ்டாஃப் மீட்டிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு மௌரீன் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. டாக்டர் எதிரே உட்காரச் சொல்லி, பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, சும்மா இருங்க மேடம்."

முந்தானைக்குள் இருந்த கையை மௌரீன் வெளியே எடுத்து வைத்தார்.

டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தைரியம் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நீங்கள் பாருங்கள்.