ரப்பர்த் தூள்

தட்டில் ஒரு கரும்புள்ளி. அவள் நுண்ணோக்கியின் லென்சைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். புள்ளி போகவில்லை. வளர்ப்புப் பெட்டியின் கதவில் இற்றுப்போன ரப்பர் உதிர்த்த தூள்தான். தூசி விழுந்த தட்டு குப்பைக்கு என்று சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான்.

அது கடைசித் தட்டு. மூக்கினுள்ளிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை வளர்த்து மூச்சுக்குழாயின் உள்தோலை உண்டாக்குவது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. மூன்று வருடத்தில் தோல் வந்தது. அதன்மேல் மயிரிழைகளும் முளைத்தன. ஆனால் அவை ஆளுக்கொரு பக்கம் அடித்துக்கொண்டன. சளியை ஒரே திசையில் தள்ளத் தெரியாத தோலை யார் தொண்டையில் வைப்பது? இந்த வாரத்தோடு இதை மூட்டை கட்டிவிட்டு வேறு தலைப்பு பார்க்கச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

கழிவு வண்டியோடு ஆய்வக உதவியாளர் வந்தார். குறிப்பேட்டில் எதையும் இரண்டு முறை சரிபார்த்து இரண்டு டிக் அடிக்கும் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர் அவர்தான்.

"என்ன ரெட்டை டிக்கு, மூஞ்சி தொங்குது?"

"தூசிண்ணே. இதுவும் போச்சு."

"குடு, கொட்டிடலாம்."

"எங்க விழுந்திருக்குன்னு குறிச்சிட்டுத் தரேன்."

"குப்பைக்குப் போறதுக்கு முகவரி எழுதுறியா? நீ தேற மாட்டம்மா."

செல்களைக் கொல்லும் ப்ளீச் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுக் குனிந்தாள். லென்சில் பொறித்த கோடுகளில் மூன்றாவதன்மேல் புள்ளி இருந்தது. எழுதினாள். இரண்டாவது டிக்குக்காகப் பார்த்தபோது நான்காவதில் இருந்தது. முதலில் தப்பாகப் பார்த்திருக்கிறோம் என்று அடித்துவிட்டு எழுதினாள். மறுபடி பார்த்தாள். ஐந்தாவது.

பேனா விரலிலேயே நின்றுவிட்டது. அந்தத் தூளை லட்சம் இழைகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, பொட்டலத்தைக் கைமாற்றுவதுபோல் அனுப்பிக்கொண்டிருந்தன.

"அண்ணே, இங்க வாங்க. மேசைய மட்டும் இடிச்சிடாதீங்க."

அவர் குனிந்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். "நடக்குதே," என்றார் கடைசியில். "யாரு புடிச்சுத் தள்றா?"

அவள் எச்சில் விழுங்கினாள். பிறந்ததிலிருந்து தன் தொண்டைக்குள்ளும் ஓயாமல் நடக்கிற வேலை; அதை இன்றுதான் பார்க்கிறாள்.

"மேசை சாஞ்சிருந்தாலும் இப்படித்தான் போகும்ணே. தட்டத் திருப்பிப் பாத்தா தெரியும், சாய்வுன்னா அதே பக்கம்தான் போகும்."

"நீ திருந்தவே மாட்ட."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள். திரவம் அலைந்து அடங்கியது. தூள் இருந்த இடத்திலேயே தயங்கிச் சுழன்றது. பிறகு, போன வழியை விட்டு, மெதுவாக இந்தப் பக்கம் வரத் தொடங்கியது.