ரோலாவுக்குத் தனியாக வந்த பென்ஸ்

குவைத்திலிருந்து ஒரு வெள்ளை பென்ஸ் கார், ஓட்ட ஆளில்லாமல், தானே ஷார்ஜாவுக்கு வந்து ரோலா கடைத்தெருவில் நின்றது. தொண்ணூறாம் வருடம், ஆகஸ்டு கடைசி, வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். அப்போது அங்கே இருந்தவர்கள்: ஜவுளிக்கடை வைத்திருந்த கீழக்கரை செய்கு அலாவுதீன், கடைக்கு மேலே முதல் மாடி ஜன்னலில் அவர் மனைவி ஜுலைஹா பீவி, பக்கத்து போட்டோ ஸ்டுடியோ காதர் மைதீன், ஜெர்மன் கார்களை மட்டும் பார்க்கும் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்த, லீவு நாள் என்பதால் சலவைச் சட்டையில் வந்திருந்த முதுகுளத்தூர்ப் பக்கத்து அழகுமலை, துபாய் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம், தர்பூசணி விற்ற, பலூசிஸ்தானிலிருந்து வந்த ஒரு பலூசி. பலூசி தன் தள்ளுவண்டியைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார். கார் இண்டிகேட்டர் போட்டு, ரிவர்ஸ் எடுத்து, இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவில் ஒரே தடவையில் நுழைந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. நான்கு கதவுகளின் பூட்டுக் குமிழ்களும் ஒன்றாகக் கீழே இறங்கின.

யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஈராக் படை குவைத்துக்குள் புகுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த மாதம் அங்கிருந்து வந்தவர்கள் செருப்பில்லாமல் வந்தார்கள், பாஸ்போர்ட் இல்லாமல் வந்தார்கள். ஒருவர் பிரஷர் குக்கரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். கார் டிரைவர் இல்லாமல் வந்தது.

“பென்ஸ்தானே, வரும்,” என்றான் அழகுமலை.

“டிரைவர் எங்கடா?” என்று கேட்டார் செய்கு அலாவுதீன்.

“டிரைவர் என்ன கம்பெனி பார்ட்டா பாய், வண்டியோடயே வர்றதுக்கு?”

அழகுமலைக்கு அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்வதென்றால் சோறு வேண்டாம். கராஜில் ஒரு ஜெர்மன் போர்மேன் சொன்னதையெல்லாம் மனதில் வைத்திருந்தான். ஜெர்மனியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு பேர் ஒரே காலத்தில் கார் செய்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை, இருவரின் கம்பெனிகளும் பின்னால் கடன் நெருக்கடியில் ஒன்றாயின. மெர்சிடிஸ் என்பது ஒரு கார் வியாபாரியின் சின்ன மகள் பெயர். மூன்று முனை நட்சத்திரத்துக்கு நிலம், நீர், ஆகாயம் என்று அர்த்தம். இதையெல்லாம் அவன் கார் பக்கத்தில் நின்று, ரோலாவில் டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். முதல் காரைச் செய்தவர் அதை வெளியே எடுக்கப் பயந்து வைத்திருந்தபோது, அவர் மனைவி ஒரு விடியற்காலை அவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு தாய்வீட்டுக்கு ஓட்டிப் போனதையும் சொன்னான். வழியில் எண்ணெய் தீர்ந்து மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினாளாம். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி விட்டாளாம். அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் ஊர் அந்த வண்டியை நம்பியது.

ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஜுலைஹா பீவி, “அப்ப அந்தக் கம்பெனி பேரெடுத்ததே ஒரு பொம்பள சொல்லாம கொள்ளாம போனதுனாலதான். எங்க வீட்டுல நான் மாடிப்படி எறங்குனாலே கேள்வி,” என்றார். செய்கு அலாவுதீன் துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

காரின் கதவை யாராலும் திறக்க முடியவில்லை. சாவி செய்கிறவர் வந்து பார்த்துவிட்டு, தன் கம்பிகள் வளைந்ததுதான் மிச்சம் என்று போனார். கிரேன் வந்தது. சங்கிலி மாட்டித் தூக்கினார்கள். கிரேனின் முன்சக்கரங்கள் மேலே எழும்பின, கார் எழும்பவில்லை. அப்புறப்படுத்தச் சொல்லி கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துச் சுருண்டு விழுந்தது. அதன் பிறகு அதிகாரிகளும் விட்டுவிட்டார்கள். மணற்காற்று வீசிய நாட்களில் தெரு முழுக்கப் புழுதி படியும், அந்தக் கார் மட்டும் அன்று காலை துடைத்தது மாதிரி இருக்கும். யார் துடைத்தார்கள் என்று சிலர் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்தினார்கள்.

வளைகுடாவில் இருந்த நம் ஆட்களுக்கு அப்போது ஒரு வழக்கம் உண்டு. வந்த முதல் வருடத்துக்குள் யாருடைய காரிலாவது சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். கார் தன்னுடையது என்று எழுத வேண்டியதில்லை. இல்லை என்றும் எழுத வேண்டியதில்லை. ரோலாவில் ஒரு பென்ஸ் நகராமல், விரட்ட முதலாளி இல்லாமல் நிற்கிறது என்று தெரிந்ததும் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்தார்கள். காதர் மைதீன் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுத் தெருவிலேயே நின்றார். கூலிங்கிளாஸும் ஒரு கோட்டும் வாடகைக்கு வைத்திருந்தார். கோட்டு ஒரே அளவு. ஒல்லியானவர்களுக்குப் பின்பக்கம் கிளிப் போட்டார்.

படங்களைக் கழுவியபோது ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எடுக்கும்போது சீட் காலி, படத்தில் ஆள். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பட்டன், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், பார்வை நேராக. காதர் மைதீன் முதலில் பிலிமைச் சந்தேகப்பட்டு வேறு பிலிம் போட்டார். கேமராவை மாற்றினார். ஆள் மாறவில்லை. கண்ணாடிமேல் துண்டைப் போட்டு எடுத்தார். படத்தில் துண்டும் இருந்தது, அதற்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கிற மாதிரி அந்த ஆளும் இருந்தார். எடுக்க வந்தவர்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “இருந்துட்டுப் போகட்டும் பாய், டிரைவர் வச்ச மாதிரி இருக்கும்ல,” என்றார்கள். வியாபாரம் கூடியது.

சண்டை முடிந்தது, குவைத் மீண்டது, அங்கிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். கார் அங்கேயே நின்றது. வருடங்கள் போகப் போக படத்தில் இருந்தவரின் கன்னம் ஒட்டியது, மீசையில் நரை இறங்கியது, சட்டைக் காலர் நைந்தது. பட்டன் மட்டும் கழுத்துவரை. பேயாக இருந்தால் வயசாகாது என்று செய்கு அலாவுதீன் ஒருநாள் சொன்னார். அத்துடன் பேய் என்ற பேச்சு ரோலாவில் முடிந்தது. ஆள் எங்கோ உயிரோடு இருக்கிறார், யார் என்றுதான் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்று கடைசியில் அழகுமலைக்குப் பெண் பார்த்தார்கள். அவனும் அந்தக் காரில் சாய்ந்து, கோட்டுப் போட்டு, படம் எடுத்து அனுப்பினான். ஊரில் படம் வீடு வீடாகப் போனது. அழகுமலை பென்ஸ் வாங்கியது பெரிய பேச்சாக இல்லை, டிரைவர் வைத்திருக்கிறான் என்பதுதான் பேச்சு. இரண்டு பேர் மகன்களுக்கு டிரைவர் வேலை கேட்டு அவன் அம்மாவிடம் வந்தார்கள். படத்தைப் பார்க்க வந்தவர்களில் நாகஜோதியும் ஒருத்தி. அவள் கணவர் பாண்டித்துரை குவைத்தில் ஒரு வீட்டு டிரைவர், சண்டை தொடங்கியதிலிருந்து தகவல் இல்லை. ஆள் போய்விட்டார், கருமாதியை முடித்துவிடலாம் என்று கொழுந்தன்மார் வருஷா வருஷம் நாள் குறித்தார்கள். அவள் வருஷா வருஷம் அறுவடையைக் காரணம் சொல்லித் தள்ளிப் போட்டாள். வரும் பங்குனிக்கு மேல் ஒரு நாள்கூட இல்லை, தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

படத்தில் அழகுமலையை அவள் பார்க்கவே இல்லை. “இந்த டிரைவர் எங்க வீட்டுக்காரவுக,” என்றாள்.

அழகுமலைக்கு விஷயம் எட்டியபோது அவன் நேராக மாடிக்குப் போய் ஜுலைஹா பீவியிடம் சொன்னான். தான் கார் வாங்கவில்லை என்று ஊரில் தெரிந்துபோகுமே என்பதுதான் அவனுடைய முதல் கவலை. “தெரிஞ்சா தெரியட்டும். ஒரு பொம்பளையோட தாலி நிக்கிது, உனக்குக் கோட்டு முக்கியமா?” என்றார் ஜுலைஹா பீவி. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று கணவரைக் கேட்டார். நம் வீட்டில் என்ன வேலை இருக்கிறது என்று அவர் கேட்டார். “வேலையில்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?” என்ற பதிலுக்குப் பிறகு நாகஜோதிக்கு விசா வந்தது. பெண் வீட்டார் அழகுமலையை வேண்டாமென்றார்கள். அடுத்த வருடம் வேறிடத்தில், மெக்கானிக் என்றே சொல்லி, கல்யாணம் ஆனது.

நாகஜோதி மாசிக் கடைசியில் வந்து இறங்கினாள். காதர் மைதீன் அந்த நான்கு வருடத்துப் படங்களையும் கடை மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஜெயிலில் இருப்பார் என்றார் ஒருவர். ஞாபகம் தப்பிப்போயிருக்கும் என்றார் இன்னொருவர். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள்.

“டூட்டில இருக்காக,” என்றாள்.

“என்ன புள்ள சொல்ற?” என்றார் ஜுலைஹா பீவி.

“பட்டனப் பாருங்கக்கா. டூட்டி முடிஞ்சா மொத வேலையா மேல் பட்டனக் கழத்துவாக. மொதலாளி இருடான்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு, வந்து போடான்னு சொல்லலை. அம்புட்டுத்தான். ஒரு தடவ சந்தையில, இங்கனயே நில்லுங்க, புளி வாங்கியாறேன்னு போனேன். மறந்துபோயி வேற வழியா வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் போறேன், அங்கனயே நிக்கிறாக.”

“கோவப்படலையா?”

“புளி எங்கன்னு கேட்டாக.”

அவள் கடையிலிருந்து இறங்கி காரிடம் போனாள். கைப்பிடியைத் தொடவில்லை. பின்பக்கக் கண்ணாடியில் விரலால் தட்டி, “நான்தான்,” என்றாள். நான்கு குமிழ்களும் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்துடன் எழும்பின. ரோலாவில் கைதட்டினார்கள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, முன்சீட்டு அவருடையது, அதனால் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஜுலைஹா பீவி ஒரு தூக்குச் சட்டியில் சோறும் தன்னுடைய நல்ல சால்வையும் கொடுத்தார். அழகுமலை ஆயில் பார்க்க பானெட்டைத் திறக்கப் போனான், திறக்கவில்லை. தேவைப்படாது என்று அவனே சொல்லிக்கொண்டான். கார் கிளம்பி அபுதாபி ரோட்டைப் பிடித்தது.

மூன்று நாட்டுச் சோதனைச் சாவடிகள் அந்த வழியில் இருந்தன. அவளிடம் வேறெந்த நாட்டு விசாவும் இல்லை. ஷார்ஜா வீட்டு வேலைக்கு வந்த காகிதம்தான். பஸ்ஸில் போயிருந்தால் முதல் சாவடியிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பானெட்டில் நட்சத்திரம், பின்சீட்டில் சால்வை போர்த்திய பெண். அந்தக் காலத்தில் பென்ஸின் பின்சீட்டில் இருப்பவரிடம் யாரும் கார்டு கேட்பதில்லை. காவலர்கள் சல்யூட் அடித்தார்கள். முன்சீட்டு காலியாக இருந்ததை ஒரு சவூதி சிப்பாய் கவனித்தான். அவனும் கொஞ்சம் யோசித்துவிட்டு சல்யூட் அடித்தான்.

நாகஜோதியும் பாண்டித்துரையும் பங்குனி பிறக்கும் முன் ரோலாவுக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு கார் மற்றக் கார்களைப் போல ஆகிவிட்டது. பெட்ரோல் குடித்தது, பஞ்சரானது, புழுதி படிந்தது. அழகுமலை சந்தோஷமாக அதன் அடியில் படுத்தான். பாண்டித்துரை செய்கு அலாவுதீனின் சரக்கு வேனை ஓட்டினார். ஒரே ஒரு புகார் காதர் மைதீனிடம் வந்தது. படங்களில் இப்போது முன்சீட்டு காலியாக இருக்கிறது, டிரைவர் இல்லாமல் என்ன பென்ஸ் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். எனவே வெள்ளிக்கிழமைகளில் பாண்டித்துரை வந்து உட்கார்ந்து கொடுத்தார். மேல் பட்டன் போடச் சொன்னதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

குவைத்தில் நடந்ததை நாகஜோதி ஜுலைஹா பீவியிடம் ஒருமுறைதான் சொன்னாள். கார் ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீட்டின் முன்னால் நின்றது. சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகள், உள்ளே செடிகளுக்கு அன்று தண்ணீர் ஊற்றிய ஈரம். முதலாளி குடும்பம் லண்டனிலேயே தங்கிவிட்டது, இனி வராது என்று பக்கத்து வீட்டு மலையாளிச் சமையல்காரர் சொன்னார். உள்ளே ஒருவர் இருப்பது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் பதில் வரும், கதவு மட்டும் திறக்காது. கிடங்கில் அரிசி மூட்டைகளும் தக்காளி டின்களும் இருந்தன. கிணறு இருந்தது. ஈராக் சிப்பாய்கள் கார்களைப் பிடுங்க வந்த வாரம் பாண்டித்துரை பென்ஸை மட்டும் வாசலுக்குக் கொண்டுவந்து, நம்ம ஆளுக இருக்கிற எடமாப் பாத்துப் போ என்று சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே போனவர்தான்.

அவள் குரல் கேட்டதும் கதவு திறந்தது. அவர் வாசற்படிக்கு உள்ளேயே நின்றார்.

“மொதலாளி வந்துட்டாகளா?” என்று கேட்டார்.

“வரமாட்டாக. டூட்டி முடிஞ்சுபோச்சு.”

“யாரு சொன்னா?”

“நான் சொல்றேன். கலாஸ், முடிஞ்சுது.”

அவர் உள்ளே போய் கிணற்று மோட்டாரை நிறுத்தினார், விளக்குகளை அணைத்தார், ஒரு கம்பளத்தின் மடங்கிய நுனியை நேராக்கினார். மாற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு காலை வெளியே வைத்து அந்தக் காலையே பார்த்தார். பிறகு மற்றக் காலையும் வைத்தார். கழுத்துப் பட்டனைக் கழற்றினார். நாகஜோதி அவர் கையிலிருந்த சாவியை வாங்கி, அவருக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.