எட்டுப் பேருக்கான மாத்திரை

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு டாக்டர் ஓக் மிரானின் கிளினிக்கில் காத்திருந்தவர்கள்: தேனிலவுக்கு வெளிநாடு போகத் தடுப்பூசி போட வந்த ஒரு ஜோடி, காதுவலியோடு ஒரு படகுக்காரர், கப்பல் பட்டறை வெல்டர் பியோ குவாங்சிக், அவன் மனைவி சுன்னே, அவனுடைய மேஸ்திரி நாம்குங். ஜூலை மாதம். கோஜே தீவின் புழுக்கத்துக்கு ஏசி போதாமல் எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். குவாங்சிக் மட்டும் குளிர்காலப் பஞ்சு ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தான்.

அவன் முறை வந்ததும் மேஸ்திரியும் கூடவே உள்ளே வந்தார்.

"வயித்துக் கோளாறு டாக்டர். கண்ட மீனைத் தின்னுருக்கான். ஒரு டிரிப் போட்டு விட்டீங்கன்னா மத்தியானம் வேலைக்கு வந்துருவான். வேன் கீழதான் நிக்குது."

மிரான் அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள். நெற்றியில் சூடு. ஏப்ரலில், வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன், இதே அறையில் தடுப்பூசிக்காகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற எட்டுப் பேரில் இவனும் ஒருவன். ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டவன்.

"நைஜீரியாவிலேர்ந்து எப்ப வந்தீங்க?"

குவாங்சிக் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தான்.

"அது எப்பவோ முடிஞ்ச கதை," என்றார் மேஸ்திரி.

"பன்னண்டு நாள் ஆச்சு," என்றாள் சுன்னே. "அண்ணே, வாயிருக்குற ஆளை நீங்க ஏன் ஊமையாக்குறீங்க?"

"வாரம் ஒரு தடுப்பு மாத்திரை, திரும்பி வந்தும் நாலு வாரம்னு சொல்லிக் குடுத்தேனே. சாப்பிடுறீங்களா?"

"நீங்கதானே டாக்டரம்மா சொன்னீங்க," குவாங்சிக்கின் குரல் நடுங்கியது. "மாத்திரை போடுற வரைக்கும் குடிக்கக் கூடாதுன்னு."

"ஆமா, சொன்னேன்."

"வந்து இறங்கின அன்னைக்கே கம்பெனி விருந்து. மேஸ்திரி கையால ஊத்தித் தர்றார். வேணாம்னா சொல்ல முடியும்? மருந்தையும் சாராயத்தையும் கலக்கக் கூடாதுன்னு மாத்திரையை நிறுத்திட்டோம்."

"நிறுத்திட்டோமா? எத்தனை பேரு?"

"எட்டுப் பேரும்."

ஏப்ரலில் 'குடிக்கக் கூடாது' என்ற அந்த வாக்கியத்தை அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டவள் மிரான்தான். எட்டுப் பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதனைப் பட்டையில் விட்டாள். பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நாலாவது நிமிடத்திலேயே இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்துவிட்டது. மலேரியா, அதிலும் ஆளைக் கொல்லும் வகை. ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"யோன்ஹி, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. சலைன் கொண்டா. ஓடு!"

நர்ஸ் யோன்ஹி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். மிரான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நரம்பு தேடினாள். முதல் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. இரண்டாவதில் தொற்றுநோய் டாக்டர் லீவு. மூன்றாவது, பாலத்துக்கு அப்பால் பூசான் நகரத்தில்.

"மருந்து இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கு டாக்டர். ஆனா அரிய மருந்துப் பெட்டகத்திலேர்ந்து எடுக்கணும்னா உங்க பரிந்துரைக் கடிதம் வேணும். எந்த நாடு, எத்தனை நாள், எல்லாம் அதுல இருக்கணும்."

"பத்து நிமிஷத்துல அனுப்பறேன். படுக்கையை வேற யாருக்காவது குடுத்தீங்க, நானே வந்து அதுல படுத்துக்குவேன்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். படுக்கை கிடைத்துவிட்டது!

அவள் தட்டச்சு செய்ய உட்கார்ந்ததும் மேஸ்திரி மேசையில் கையூன்றிக் குனிந்தார்.

"டாக்டர், நாட்டை மட்டும் எழுதாதீங்க. எழுதினா வேலையில வந்த நோய்னு பதிவாகும். கம்பெனியில என் கழுத்தைப் பிடிப்பாங்க. செப்டம்பர்ல மறுபடி போற ஒப்பந்தம் கைநழுவிடும். எட்டுக் குடும்பத்துச் சோறு அது. செலவைக் கம்பெனியே ரகசியமாப் பாத்துக்கும்."

"நாடு இல்லேன்னா மருந்து இல்ல."

"டாக்டரம்மா," குவாங்சிக் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினான். "எழுத வேணாம். என்னால ஏழு பேரு பொழப்பு போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட பட்டறைக்குள்ள போறது?"

"எழுதலேன்னா அங்க உங்களைச் சாதாரணக் காய்ச்சல்னு படுக்கப் போட்டுருவாங்க. நாளைக்குச் சாயங்காலம் உங்களுக்கு மூஞ்சியைப் பத்தின கவலையே இருக்காது."

"எழுதுங்க!" சுன்னே கத்தினாள். காத்திருப்பு அறையில் விசிறல் நின்றது. "பட்டறைக்கு நான் போய் மூஞ்சி காட்டறேன். நீங்க எழுதுங்க."

நைஜீரியா. ஒன்பது வாரம். கம்பெனி வேலை. அச்சு இயந்திரம் தாளைத் துப்பியது. மேஸ்திரி முந்திக்கொண்டு அதை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மிரான் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"பேப்பர் நிறைய இருக்கு மேஸ்திரி. உங்க பை கொள்ளாது."

இரண்டாவது தாளைச் சுன்னே பறித்துக்கொண்டாள். மிரான் அதை வாங்கி முத்திரை குத்தி, ஒரு நகலைப் பூசானுக்கு அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்கள். "பூசான் எங்க எல்லையில இல்லையே டாக்டர்."

"படுக்கை வாங்கியாச்சு. டாக்டர் பேரு இந்தத் தாள்ல இருக்கு. பாலம் திறந்துதானே இருக்கு? அப்புறம் என்ன?"

படிக்கட்டு குறுகலானது. ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் சிக்கியது. புது மாப்பிள்ளை ஒரு பக்கம் தோள் கொடுத்தான். படகுக்காரர் காதுவலியை மறந்து, வலை இழுக்கிற குரலில், "தூக்கு! இன்னும் தூக்கு! விட்டுராதே!" என்று கத்தினார். புதுப்பெண் சலைன் பாட்டிலைத் தலைக்குமேல் பிடித்தபடி பின்வாங்கிப் பின்வாங்கி இறங்கினாள். சுன்னே கடிதத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வண்டியில் ஏறினாள். சைரன் அலறியது. யோன்ஹி வெறுங்காலோடு தெருவில் நின்று கைதட்டினாள். பதினொன்றேகால் ஆகியிருந்தது, பன்னிரண்டரைக்குள் மருந்து ஏறிவிடும். மிரானுக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

எதிர்ப்புறம் சாம்பல் நிற வேன் நின்றது. மிச்சம் ஏழு பேரும் உள்ளே இருந்தார்கள். மிரான் மாடிக்கு ஓடி, ஊசிப் பெட்டியும் பரிசோதனைப் பட்டைகளும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"எல்லாரும் இறங்குங்க. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். காசு வேண்டாம்."

யாரும் அசையவில்லை. பிறகு தாக் ஹியோனு என்கிறவன் இறங்கினான். ஏழு பேரில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன்.

"எனக்கு நேத்து ரெண்டு தடவை நடுக்கம் வந்துச்சு டாக்டர். களைப்புன்னு நெனைச்சேன்." தானாகவே மோதிர விரலை நீட்டினான். அவள் பஞ்சால் துடைத்தாள்.

"ஹியோனு," என்றார் பின்னாலேயே இறங்கி வந்து வேன் பக்கம் நின்ற மேஸ்திரி. அதட்டவில்லை. குரல் களைத்திருந்தது. "ஒரு பேர்னா நான் மேல பேசி எப்படியாவது சமாளிப்பேன். ரெண்டாவது பேர் வந்துச்சுன்னா மொத்தக் குழுவையும் மாத்திருவாங்க. உள்ள இருக்குறவங்களைக் கேட்டுப் பாரு."

ஹியோனு வேனுக்குள் பார்த்தான். ஆறு பேரும் தங்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு வரேன் டாக்டர்," என்றான்.

"நாளைக்கு இல்ல. இப்ப!"

அவன் விரலை மடக்கிக் கையைப் பையில் நுழைத்துக்கொண்டான். அவள் பிடித்திருந்த பஞ்சு கீழே விழுந்தது. ஹியோனு குனிந்து உள்ளே ஏறினான். மேஸ்திரி கதவை இழுத்துச் சாத்தினார். முன்னால் போய் உட்கார்ந்து பொத்தானை அழுத்த, நாலு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன.